மிச்சமான சொட்டு மருந்தும் வீட்டு நாயின் கண்ணும்

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த ஆறாவது வாரத்தில் ஓர் அம்மையார் எங்களிடம் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பார்வை நன்றாகத் திரும்பியிருந்தது. ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. காரணம் கேட்டபோது, "எனக்குக் கண்ணு வந்துடுச்சு டாக்டர், எங்க மணிக்குத்தான் போயிடுச்சு" என்றார்.

மணி அவர் வீட்டு நாய். உண்ணிச்செடிப் புதருக்குள் எதையோ துரத்திச் சென்று திரும்பிய அன்று மாலை, அது ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தது. கண் சிவந்து நீர் வடிந்தது. அறுவைக்குப் பின் அம்மையாரின் கண்ணும் அப்படித்தான் சிவந்து நீர் வடிந்தது. நாங்கள் கொடுத்த சொட்டு மருந்தில் அது சரியாயிற்று. அந்தப் புட்டியில் பாதி மிச்சம் இருந்தது. அதையே நாய்க்கும் விட்டார். மறுநாள் சிவப்புக் குறைந்தது. நாய் கண்ணைச் சற்றே திறந்தது. மருந்து வேலை செய்கிறது என்று எண்ணி இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் விட்டார். நான்காம் நாள் காலையில் கருவிழி அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போலக் கலங்கி, நடுவில் பிதுங்கியிருந்தது. கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றபோது அந்தக் கண்ணை அகற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அந்த அம்மையார் செய்ததில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. மிச்சமான மருந்தை என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அதன்பின் மறுபரிசோதனைக்கு வருபவர்களிடம் நாங்களாகவே கேட்கத் தொடங்கினோம். உங்கள் மருந்தை வீட்டு நாய்க்கோ பூனைக்கோ விட்டதுண்டா என்று கேட்டால், சிலர் சிரித்துக்கொண்டே ஆம் என்கிறார்கள். இக்கட்டுரை எழுதப்பட்டது அதனால்தான்.

நாங்கள் மனிதர்களின் கண்களுக்கு மருத்துவம் செய்பவர்கள். கால்நடை மருத்துவர்கள் அல்லர். ஆகவே இங்கே மருந்தின் அளவையோ சிகிச்சை முறையையோ வகுத்துத் தரப்போவதில்லை. ஆனால் நாயின் கண்ணும் பூனையின் கண்ணும் அமைப்பில் நம் கண்ணுக்கு மிக நெருக்கமானவை. கருவிழி, லென்ஸ், விழித்திரை, கண்ணுக்குள் சுரந்து வடியும் நீர் ஆகிய யாவும் உண்டு. மூக்கை ஒட்டிய ஓரத்தில் நமக்கில்லாத மூன்றாவது இமை ஒன்று உண்டு. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலமும் உண்டு. இரவில் வண்டி விளக்குப் பட்டதும் அவற்றின் கண்கள் பளிச்சிடுவது அதனால்தான். எந்தக் கண் காத்திருக்கும், எந்தக் கண் காத்திருக்காது என்பதைப் பிரித்தறிய எங்கள் அனுபவம் உங்களுக்கு ஓரளவு உதவும் என்று நம்புகிறோம்.

சிவப்புக் குறைந்தது ஏன், கண் போனது ஏன்?

கருவிழி என்பது கண்ணின் முன்புறமுள்ள கண்ணாடி போன்ற படலம். நாயிலும் மனிதரிலும் அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். முள்ளோ, நகமோ, புல்லின் கூரிய முனையோ கீறினால் மேல்தோல் உரிந்து புண்ணாகிறது. அதுவே கருவிழிப் புண். மேலோட்டமான புண்ணாக இருந்து, கிருமி சேராமல் பார்த்துக்கொண்டால், பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் ஆறிவிடும்.

கண்புரை அறுவைக்குப் பின் நாங்கள் தரும் சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்று புட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். பல புட்டிகளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் அதனுடன் கலந்திருக்கும். அறுவையால் கண்ணுக்குள் உண்டாகும் அழற்சியை அடக்குவது ஸ்டீராய்டின் வேலை. கத்தி பட்ட கண்ணுக்கு அது தேவை. ஆனால் அழற்சி என்பது உடல் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளும் முயற்சியும் கூட. கருவிழியில் திறந்த புண் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் புதிய தோல் வளர்வது தடைப்படுகிறது. கிருமிகளுக்கு எதிர்ப்புக் குறைகிறது. கருவிழியைக் கரைக்கும் நொதிகளுக்கு வழி திறக்கிறது. கரையத் தொடங்கிய கருவிழி ஓரிரு நாள்களுக்குள் துளைபட்டுப் போகக்கூடும்.

இதில் மிகவும் ஏமாற்றுவது முதல் நாள்தான். ஸ்டீராய்டு சிவப்பைக் குறைக்கிறது, வலியையும் தணிக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கண் குணமாகி வருவதாகவே தோன்றும். அதே நேரத்தில் அடியில் புண் ஆழமாகிக்கொண்டிருக்கும். சொட்டு விட்டதும் குணம் தெரிந்தது என்பதை வைத்து அது சரியான மருந்துதான் என்று முடிவு செய்ய முடியாது.

"ஆனால் கால்நடை மருத்துவரே மனிதர்களுக்கான மருந்துக் கடையில்தானே சொட்டு மருந்து வாங்கச் சொல்கிறார்?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நாய்க்கும் பூனைக்கும் எழுதப்படும் கண் சொட்டுகள் பலவும் மனிதர்களுக்கானவையே. வேறுபாடு மருந்தில் இல்லை, அதற்கு முன் செய்யப்படும் பரிசோதனையில் இருக்கிறது. ஃப்ளோரசின் என்னும் ஆரஞ்சு நிறச் சாயம் தோய்த்த சிறு தாளைக் கண்ணில் தொட்டு, நீல ஒளியில் பார்ப்பார்கள். புண் இருக்குமிடம் பச்சையாக ஒளிரும். சில நிமிடங்களில் முடியும் பரிசோதனை இது; உங்களுக்கும் நாங்கள் செய்திருப்போம். அந்தப் பச்சை தெரிந்தால் எந்தக் கண் மருத்துவரும், மனிதருக்கானவரானாலும் விலங்குக்கானவரானாலும், ஸ்டீராய்டை எழுதத் துணியமாட்டார். வீட்டில் அந்தச் சாயமும் இல்லை, நீல விளக்கும் இல்லை.

இன்னொரு புட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரிசோதனைக்கு முன் கண்ணை மரக்கச் செய்ய நாங்கள் விடும் சொட்டை வீட்டுக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தொடர்ந்து விட்டால் கருவிழி ஆறவே ஆறாது. எங்கள் நோயாளிகளுக்கே அதை நாங்கள் கொடுத்தனுப்புவதில்லை.

வாய் பேசாத வலி

கண் வலிக்கிறது என்று நாய் ஊளையிடாது. பூனை அதைவிடக் கமுக்கமானது. கண்ணைச் சுருக்குவது, அடிக்கடி இமைப்பது, முன்னங்காலால் தேய்ப்பது, சுவரிலோ தரைவிரிப்பிலோ முகத்தை உரசுவது, வெளிச்சத்தை விட்டு விலகிப் போவது ஆகியவையே வலியின் அடையாளங்கள். சில நாய்கள் உண்ணுவதைக் குறைத்துக்கொண்டு மூலையில் படுத்துவிடும். பூனை கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். தலையைத் தடவ வரும் கையைத் தட்டிவிடும் நாய்க்கு, கோபத்தைவிட வலியே காரணமாக இருக்கலாம்.

பகல் வெளிச்சத்தில் இரண்டு கண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நோய் பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கும். மற்றொரு கண்ணே உங்களுக்கு அளவுகோல். கண்மணிகள் இரண்டும் ஒரே அளவில் இருக்கின்றனவா? கருவிழி பளபளப்பாக இருக்கிறதா, நீலம் பாய்ந்தாற்போல் மங்கியிருக்கிறதா? பீளை எந்த நிறம்? காலையில் மூக்கோரத்தில் சிறிது பழுப்பாகக் காய்ந்திருப்பது இயல்பு. மஞ்சளாகவோ பச்சையாகவோ கட்டியாக வடிவது இயல்பன்று. மூன்றாவது இமை பாதிக் கண்ணை மூடி நிற்கிறதா? அது கண் வலியாகவோ பொதுவான உடல் நலிவாகவோ இருக்கலாம்.

அன்றைக்கே, இரவானாலும், கொண்டு செல்ல வேண்டிய கண்கள் சில உண்டு. வலியால் திறக்க முடியாத கண், திடீரென்று நீலமாகவோ வெள்ளையாகவோ கலங்கிய கண், உள்ளே இரத்தம் தெரியும் கண், முன்னிருந்ததைவிடப் பெரிதாகத் தோன்றும் கண், ஒரே நாளில் பார்வை போன கண் ஆகியவை அவை. இவற்றில் கண் நீர் அழுத்த நோயைத் தனியே குறிப்பிட வேண்டும். நாய்க் கண்ணின் இயல்பான அழுத்தம் ஏறத்தாழ 10 முதல் 25 மில்லிமீட்டர் பாதரசம் வரை. மனிதர்களில் இந்நோய் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளரும். எங்கள் நோயாளிகள் பலர் அதை அறிவார்கள். நாயில் அப்படியன்று. அழுத்தம் திடீரென்று ஏறி, கண் சிவந்து, கண்மணி விரிந்து, கருவிழி கலங்கி, ஒன்றிரண்டு நாள்களிலேயே பார்வை நிரந்தரமாகப் போய்விடும். காக்கர் ஸ்பேனியல், பீகிள் போன்ற இனங்களில் இது மிகுதி. நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கு இங்கே இடமில்லை.

உருண்ட கண்ணும் தட்டை முகமும் கொண்ட பக், ஷி ட்சூ வகை நாய்களை இப்போது ஊட்டியிலும் குன்னூரிலும் பல வீடுகளில் காண்கிறோம். இவற்றின் கண்குழி ஆழமற்றது. பெரிய நாயுடன் சண்டை நேர்ந்தாலோ, கழுத்தை இறுக்கிப் பிடித்தாலோ கண் குழியை விட்டு வெளியே பிதுங்கிவிடக்கூடும். பார்ப்பதற்கு அச்சமாக இருக்கும். நீங்களே உள்ளே தள்ள முயலாதீர்கள். சலைன் நனைத்த சுத்தமான துணியால் மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். சில மணி நேரத்திற்குள் சேர்ந்தால் கண்ணையாவது காக்க வாய்ப்புண்டு.

அந்த அளவுக்கு அவசரமில்லாத கண்களும் உண்டு. இளம் நாயின் கண்ணோரத்தில் திடீரென்று செந்நிறக் கொட்டை போல ஒன்று புடைத்து நிற்கும். கட்டி என்று அஞ்சுவார்கள். அது மூன்றாவது இமையின் கண்ணீர்ச் சுரப்பி இடம் பெயர்ந்து வெளியே வந்திருப்பது; செர்ரி ஐ என்பார்கள். சில நாள்களுக்குள் மருத்துவரிடம் காட்டினால் போதும். ஆனால் அதை வெட்டி எடுத்துவிடச் சொல்லாதீர்கள். கண்ணீரில் கணிசமான பங்கைத் தருவது அச்சுரப்பிதான். மீண்டும் உள்ளே பொருத்தித் தைப்பதே முறையான சிகிச்சை. வெட்டப்பட்ட கண் பின்னாளில் வறண்டு போகக்கூடும்.

அந்த வறட்சியையும் ஒரு நோயாகவே கொள்ள வேண்டும். பசை போன்ற பச்சைப் பீளை மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். துடைத்தால் மறுநாளும் வரும். கிருமித் தொற்று என்று நினைத்துச் சொட்டு மேல் சொட்டாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அங்கே கண்ணீரே இருக்காது. கீழ் இமையில் அளவு குறித்த தாள் ஒன்றைச் செருகி ஒரு நிமிடம் வைத்தால், நலமான நாயில் 15 மில்லிமீட்டர் அளவுக்காவது நனையும். 10க்குக் கீழே போனால் கண் உலர்வு நோய் என்றே ஐயுற வேண்டும். சைக்ளோஸ்போரின் களிம்பை வாழ்நாள் முழுவதும் இட வேண்டிவரும். அது வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்களாகும். பத்து நாளில் பயனில்லை என்று நிறுத்திவிடுபவர்களே அதிகம்.

மலைக்கென்று சில

நம் மலையின் வாழ்க்கைக்கென்று சில கண் இடர்கள் இருக்கின்றன. கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் கூரிய கட்டைகள் சரியாக நாயின் கண் மட்டத்தில் நிற்கின்றன. உண்ணிச்செடியின் முள்ளும் காய்ந்த புல்லின் விதைமுனையும் மூன்றாவது இமைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் நாய் கண்ணைத் திறக்காது. குத்தி நிற்கும் முள்ளைப் பிடுங்காதீர்கள். அது கருவிழியைத் துளைத்திருந்தால், பிடுங்கியதும் உள்ளிருக்கும் நீர் வெளியேறிவிடும்.

தோட்டத்தில் மருந்து தெளிக்கும் நாள்களில் நாயைக் கட்டி வையுங்கள். தெளிப்பு கண்ணில் பட்டுவிட்டால், எந்த மருந்து என்று ஆராய்ந்துகொண்டிராமல், குழாய் நீரை மெல்லிய தாரையாக 15 முதல் 20 நிமிடம் வரை ஓடவிட்டுக் கழுவுங்கள். பிறகு மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். லயன் வீடுகளில் குளிர்காலத்து விறகுப் புகையும் கண்ணை உறுத்தும். அடுப்படியே கதகதப்பென்று அங்கேயே சுருண்டு படுக்கும் பூனைக்கு வேறொரு மூலையில் சாக்கு விரித்துக் கொடுப்பது நல்லது.

பலரும் அறியாதது மலை வெயிலைப் பற்றியது. குளிராக இருப்பதால் வெயில் சுடுவதில்லை; ஆனால் புற ஊதாக் கதிர்களின் வீச்சு உயரம் கூடக் கூட மிகுகிறது. 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும் என்பது கணக்கு. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில், நம் ஊரில் அல்சேஷன் என்று அழைக்கிறோமே அதில், கருவிழியின் வெளியோரத்திலிருந்து இளஞ்சிவப்புச் சதைபோன்ற படலம் ஒன்று மெல்லப் படர்ந்து, பின் கறுத்து, கடைசியில் பார்வையை மறைத்துவிடும். பன்னஸ் என்று அதற்குப் பெயர். உடலின் எதிர்ப்பாற்றல் தன் கருவிழியையே தாக்குவதால் வருவது. புற ஊதா ஒளி அதைத் தூண்டுகிறது. அமெரிக்காவின் ராக்கி மலைப்பகுதி போன்ற உயர்ந்த இடங்களில் வாழும் நாய்களுக்கு இந்நோய் மிகுதியாகவும் கடுமையாகவும் வருவதைக் கால்நடைக் கண் மருத்துவர்கள் நெடுநாளாக அறிவார்கள். வலி பெரிதாக இராது என்பதால் வீட்டார் தாமதமாகவே கவனிக்கிறார்கள். உங்கள் வீட்டில் அல்சேஷன் இருந்தால், மூன்று நான்கு வயதுக்குமேல் ஆண்டுக்கொரு முறையாவது கண்களைக் காட்டுங்கள். நடுப்பகல் வெயிலில் கட்டி வைக்காதீர்கள்.

பன்னஸுக்கு ஸ்டீராய்டுச் சொட்டுதான் முதன்மையான மருந்துகளில் ஒன்று. மணியின் கண்ணைப் பறித்த அதே மருந்து இன்னொரு நாயின் கண்ணைக் காக்கிறது. இரண்டு கண்களும் சிவந்தவைதாம். எது எதுவென்று பிரித்துச் சொல்வது சாயப் பரிசோதனை.

உண்ணி கடிப்பதால் பரவும் எர்லிக்கியா காய்ச்சலையும் மறந்துவிடக் கூடாது. காய்ச்சல், சோர்வு, மூக்கில் இரத்தம் ஆகியவற்றோடு கண்ணுக்குள் இரத்தக்கசிவும் திடீர்ப் பார்வையிழப்பும் அதனால் வரலாம். அங்கே கண்ணில் விடும் சொட்டு மட்டும் போதாது. இரத்தப் பரிசோதனையும் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரையும் தேவைப்படும். குட்டி நாய்க்கு இரு கண்களிலும் கெட்டியான பீளையுடன் இருமலும் சளியும் சேர்ந்தால் டிஸ்டம்பர் என்று ஐயுற வேண்டும். அதற்குத் தடுப்பூசி உண்டு; நோய் வந்தபின் நேரடி மருந்து கிடையாது.

பூனை சிறிய நாயன்று

பூனைக்குட்டிகளின் கண்கள் பீளையால் ஒட்டிக்கொள்வதைப் பார்க்காத வீடு இருக்காது. பெரும்பாலும் அது பூனைகளுக்கே உரிய ஹெர்பிஸ் வைரசாலோ கிளமிடியாவாலோ வருவது. தும்மலும் மூக்கொழுகலும் கூடவே இருக்கும். ஒட்டிய இமைகளை இழுத்துப் பிரிக்காமல், கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை ஒற்றி ஒற்றி இளக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. ஒருமுறை ஹெர்பிஸ் வந்த பூனைக்கு அது வாழ்நாள் முழுவதும் உள்ளே உறங்கியிருந்து, குளிரோ இடமாற்றமோ புதுப் பூனையின் வரவோ தொந்தரவு செய்யும்போது மீண்டும் எழும். ஸ்டீராய்டுச் சொட்டு இந்த வைரசுக்கு விருந்து வைப்பது போன்றது.

வயதான பூனையின் கண்மணிகள் இரண்டும் திடீரென விரிந்து, சுவரில் முட்டத் தொடங்கினால், கண்ணைவிட இரத்த அழுத்தத்தை முதலில் பாருங்கள். பூனைக்கும் இரத்தக் கொதிப்பு உண்டு. சிறுநீரகக் கோளாறோடு சேர்ந்து வரும். அழுத்தத்தால் விழித்திரை பிரிந்துவிடும். அம்லோடிபின் என்ற மாத்திரையை எங்கள் வாசகர்கள் பலர் தினமும் விழுங்குகிறார்கள்; கால்நடை மருத்துவர் பூனைக்கு எழுதுவதும் அதையேதான், அளவு மட்டும் வேறு. அதனால் உங்கள் மாத்திரையைக் கிள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றே விடும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

உணவும் கண்ணுக்குரியதே. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. தாவர உணவில் இல்லை எனலாம். பூனையின் உடலால் அதைப் போதிய அளவு ஆக்கிக்கொள்ள முடியாது. அது குறைந்தால் விழித்திரை நலிந்து பார்வை போகும் என்பது 1970களிலேயே கண்டறியப்பட்டது. பால்சோறும் ரொட்டியும் மட்டுமே உண்ணும் பூனைக்கு இந்த ஆபத்து உண்டு. நாய்த் தீவனம் பூனைக்குப் போதாது என்பதற்கும் இதுவே காரணம்.

முதிய கண்கள்

ஏழெட்டு வயதுக்குமேல் நாயின் கண்மணிக்குள் நீலச் சாம்பல் மூட்டம் தெரியும். கண்புரை வந்துவிட்டது என்று நம்மிடமே கேட்பார்கள். பெரும்பாலும் அது லென்சின் முதுமை இறுக்கம்தான், பார்வையைக் கெடுப்பதில்லை, மருந்தும் வேண்டாம். உண்மையான கண்புரை வெள்ளையாக இருக்கும், பார்வையை மறைக்கும். அதற்குச் சொட்டு மருந்து கிடையாது, மனிதருக்கும் கிடையாது. கரைக்கும் என்று விற்கப்படுபவற்றை வாங்காதீர்கள்.

நீரிழிவு உள்ள நாய்க்குக் கண்புரை வியப்பூட்டும் வேகத்தில் வரும். நோய் கண்டறிந்த ஓராண்டுக்குள் ஏறத்தாழ முக்கால்வாசி நாய்களுக்கு வந்துவிடுகிறது. நேற்று வரை தெளிவாயிருந்த கண் சில நாள்களில் பால்போல் வெளுக்கலாம். அப்படி நேர்ந்தால், நாய் மிகுதியாக நீர் குடிக்கிறதா, சிறுநீர் கழிக்கிறதா என்று கவனித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். நாய்களுக்கும் நம்மைப் போலவே லென்ஸ் மாற்றும் அறுவை உண்டு. 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய நிலையங்களில் அது செய்யப்படுகிறது. செலவும் பயணமும் எல்லாக் குடும்பத்துக்கும் இயலாது என்பதை அறிவோம். பார்வையிழந்த நாய் மோப்பத்தாலும் செவியாலும் நன்றாகவே வாழும். வீட்டில் கட்டிலையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் இடம் மாற்றாமல் இருந்தால் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். படிக்கட்டுக்கு மட்டும் ஒரு தடுப்பு வையுங்கள்.

உங்கள் கையும் உங்கள் கண்ணும்

மருத்துவரிடம் போகும் வரை வீட்டில் செய்யத் தக்கது மிகக் குறைவு. மருந்துக் கடையில் கிடைக்கும் சலைனால் கண்ணைக் கழுவலாம். தேய்க்காமல் தடுக்கக் கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டலாம். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, தேன், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். புண்ணான கருவிழியில் இவை கிருமியைத்தான் சேர்க்கும்.

சொட்டு விடும்போது நாய்க்கு எதிரே நிற்காதீர்கள். பின்புறமிருந்து ஒரு கையால் மோவாயைத் தாங்கி, மேலிருந்து விடுங்கள். பூனையைத் துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். இரண்டு சொட்டுகளுக்கிடையே ஐந்து நிமிடம் இடைவெளி வேண்டும்; களிம்பு கடைசியில். வலியில் இருக்கும் விலங்கு வளர்த்த கையையே கடிக்கும். சாதுவான நாய்க்கும் முகக்கவசம் மாட்டுவது தவறன்று. கண் அறுவை செய்துகொண்டு ஆறு வாரம் ஆகாதவர்கள் இந்த வேலையை வீட்டிலுள்ள வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். குனிந்து, இழுத்துப் பிடித்து, அது தலையை உதறி உங்கள் கண்ணில் மோதினால் தையல் விட்டுப்போகும்.

கடி பட்டாலோ கீறல் பட்டாலோ, உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்கு வாருங்கள். நாயின் எச்சில் உங்கள் கண்ணிலோ வாயிலோ பட்டாலும், தோல் கிழிந்த கடிக்கு இணையான மூன்றாம் வகைத் தொடர்பாகவே அது கணக்கிடப்படும். தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படலாம். குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டதே வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காகத்தான். அந்த மலையிலேயே இருந்துகொண்டு, வீட்டு நாய்தானே என்று நாம் அசட்டையாக இருக்கக் கூடாது. ஊட்டியிலுள்ள வேர்ல்டுவைடு வெட்டர்னரி சர்வீஸ் மையத்தினர் தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து வருகிறார்கள். உங்கள் வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுவது உங்கள் பொறுப்பு. நடத்தை மாறி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் இருக்கும் நாயின் கண்ணைப் பார்க்க முனையவே வேண்டாம்.

நாயின் கண் சிவந்தால் நமக்கும் தொற்றுமா என்பதே எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. பெரும்பாலும் தொற்றாது. மெட்ராஸ் ஐ மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவுகிறது. விதிவிலக்குகள் சில உண்டு. நாய்க்குட்டியின் குடற்புழு முட்டைகள் மண் வழியாகக் குழந்தையின் வயிற்றுக்குள் போய், புழுவின் குஞ்சு கண்ணுக்குள் தங்கி ஒரு கண்ணின் பார்வையைக் குலைக்கலாம். ஆகவே குட்டிகளுக்குத் தவறாமல் பூச்சி மருந்து கொடுங்கள். பூனை மலத்தின் வழியாகப் பரவும் டாக்சோபிளாஸ்மா கருவுற்ற தாய்மார்களுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளிகளுக்கும் கேடு. மணல் தட்டை வேறொருவர் தினமும் அப்புறப்படுத்த வேண்டும். பூனையை வீட்டைவிட்டு விரட்ட வேண்டியதில்லை.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய ஊர்களில் அரசு கால்நடை மருத்துவ நிலையங்கள் உள்ளன. போகும்போது கண்ணில் இதுவரை எதை விட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். புட்டியையே எடுத்துச் செல்லுங்கள்.

மணி இப்போது ஒற்றைக் கண்ணோடு அந்த அம்மையாரின் வாசலில் காவல் இருக்கிறது. அவர் சென்ற மாதம் மற்றொரு கண்ணின் அறுவைக்காக வந்தபோது, பழைய புட்டி, புதுப் புட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தார். நீங்களும் அப்படியே செய்யலாம். திறந்து நான்கு வாரமான எந்தச் சொட்டு மருந்தும் உங்களுக்கே உதவாது. மறுபரிசோதனைக்கு வரும்போது மிச்சமானவற்றைக் கொண்டுவந்து கண் பிரிவின் செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள்.